சாறு வேறு, சக்கை வேறு

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் செல்லும் சாலையை அடுத்துள்ள ஒரு சிறு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைச் சென்ற கோடையில் நாம் ஆய்வு செய்ய நேர்ந்தது. உறுப்பினர் விளைவிக்கும் காய்கனிகளை வாங்கி விற்பதோடு, பேருந்து நிறுத்தத்தின் அருகே ஒரு பழச்சாற்றுக் கடையையும் அச்சங்கம் நடத்தி வருகிறது. நம் பக்கத்தில் விளையாத காரட்டைக் கோயம்பேட்டுச் சந்தையில் வாங்கிக்கொள்கிறது. வாங்கிய காரட்டின் எடையையும் விற்ற சாற்றின் எடையையும் ஒப்பிட்டபோது கணக்கு இடித்தது. நூறு கிலோவுக்கு அறுபது கிலோ சாறு கிடைக்கும் என்று இயந்திரத்துடன் வந்த துண்டறிக்கை கூறிற்று. ஏட்டின்படி கிடைத்தது நாற்பத்தாறே.

கடையைக் கவனித்து வந்த அம்மையாரைப் பற்றி உறுப்பினர் சிலர் காதோடு காதாகப் பேசத் தொடங்கியிருந்தனர். பேரவைக் கூட்டத்திற்கு இரண்டு வாரமே இருந்தது. நாமும் நம் குறிப்பேட்டில் "இருப்புக் குறைவு" என்று பென்சிலால் எழுதிவிட்டோம். ஆயினும், ஒருவர்மீது பழி விழுமுன் இயந்திரத்தையும் ஒரு சாட்சியாக விசாரிப்பது முறை என்று தோன்றியது. அவ்விசாரணையில் அறிந்தவை, இயந்திரம் வாங்க எண்ணும் எல்லாச் சங்கங்களுக்கும் பயன்படுமாதலால் இங்கே எழுதுகிறோம்.

கவணில் கல்லை வைத்துச் சுழற்றும்போது அது கையை விட்டு விலகி ஓடப் பார்ப்பதை உழவர் அனைவரும் அறிவர். சுழலும் பொருள் மையத்தை விட்டு விலக முற்படும் இந்த இயல்பையே மையவிலக்கு விசை என்கிறோம். இவ்விசை கூட்டுறவு இயக்கத்துக்குப் புதியதன்று. சோழிங்கநல்லூர் ஆவின் பண்ணை போன்ற பால் பண்ணைகளில் பாலிலிருந்து கொழுப்பைப் பிரிப்பது இதுவே. சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் டி லவால் என்பார் 1878ஆம் ஆண்டில் அமைத்த இயந்திரத்தின் வழியில் வந்தது அது. ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால் படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலையைக் காணலாம். சர்க்கரை ஆலைகளில் சர்க்கரைப் பரலையும் கழிவுப்பாகையும் பிரிக்கத் துளையிட்ட கூடைகள் சுழல்கின்றன. நெசவாளருக்கோ சாயப்பட்டறையில் நனைந்த நூலின் நீரைப் போக்கும் சுழற்சித் தொட்டி பழக்கமானது.

இவற்றுள் சாயப்பட்டறைத் தொட்டியை நினைத்துக்கொண்டால் ஜூஸரை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். தொட்டியின் சுவர் செங்குத்தானது. நீர் துளைகளின் வழியே வெளியேறும்; நூல் உள்ளேயே நிற்கும். தொட்டியை நிறுத்தி நூலை எடுத்தாக வேண்டும். பழச்சாற்றையும் இவ்வாறே எடுக்கலாம். முற்காலத்து ஜூஸர்கள் சிலவும் இவ்வாறே அமைந்திருந்தன. ஆனால் சில தம்ளர் பிழிந்தவுடன் சக்கை கூடையை நிரப்பிவிடும். ஒரு பக்கம் கனத்து இயந்திரம் அதிரும். வாடிக்கைக்காரர் காத்திருக்க, கடைக்காரர் கூடையைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருப்பார்.

ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கை தானாக வெளியேற வேண்டும். ஆனால் சாற்றில் கலத்தலாகாது. இதுவே வடிவமைப்பாளர் முன் நின்ற வினா. அதற்கு விடை, கூடையின் சுவரை மேல்நோக்கி அகலுமாறு சாய்த்து, புனல் போல் ஆக்குவதாகும். கூடையின் அடித்தட்டில் கூரிய பற்கள் உள்ளன. பழம் அதன்மீது அழுந்தியதும் துருவலாகிச் சல்லடைச் சுவரில் எறியப்படுகிறது. சாறு துளைகளைக் கடந்து உட்கிண்ணத்தில் சேர்ந்து குழாய் வழியே இறங்குகிறது. துளையில் நுழைய முடியாத சக்கை, சாய்வின்மீது மெல்ல ஏறி, விளிம்பைத் தாண்டி வெளித்தொட்டியில் விழுகிறது. சர்க்கரை ஆலைகளில் கடைத்தரப் பாகுக்குப் பயன்படும் நில்லாது ஓடும் இயந்திரங்களும் இதே புனல் வடிவினவே.

விசையின் அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மையத்திலிருந்து 6 சென்டிமீட்டர் தொலைவில் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும் சுவரில், ஒரு கிராம் எடையுள்ள துளி ஏறத்தாழ 2,400 கிராம் கனம் கொண்டதுபோல் அழுந்துகிறது. சுற்று பாதியானால் விசை பாதியாவதில்லை. நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. மின்னழுத்தம் தாழ்ந்தோ, பழத்தை அளவுக்கு மீறித் திணித்தோ சுழற்சி தளரும்போது சாறு ஏன் சட்டென்று குறைகிறது என்பது இதனால் விளங்கும்.

நிற்க. சாறும் சக்கையும் தத்தம் வழியே செல்வது மூன்று இடங்களைப் பொறுத்தது.

முதலாவது, சுவரின் சாய்வு. சுவர் மிகவும் நிமிர்ந்திருந்தால் உராய்வை வென்று சக்கை மேலேற முடியாது, கூடை அடைத்துக்கொள்ளும். மிகவும் சாய்ந்திருந்தால் சாற்றைக் கொடுக்குமுன்பே சக்கை வழுக்கி ஓடிவிடும். அப்போது ஈரச்சக்கை குப்பைக்குப் போகும்; அதனோடு விவசாயியின் பணமும் போகும்.

இரண்டாவது, சல்லடையின் துளை. துளை பெரிதானால் நார் சாற்றில் இறங்கும். சிறிதானால் விரைவில் அடையும். காரட், பீட்ரூட், ஆப்பிள் போன்று இறுகிய சதையும் நாரும் உள்ளவை இதற்கு ஏற்றவை. வாழையும் பழுத்த மாம்பழமும் துளைகளை மெழுகிவிடும். அவற்றுக்குக் கூழாக்கும் இயந்திரமே தக்கது. நெல்லியைக் கொட்டை நீக்காமல் இடுதல் பற்களுக்குக் கேடு.

மூன்றாவது, கூடையின் விளிம்புக்கும் உட்கிண்ணத்தின் விளிம்புக்கும் இடையிலுள்ள சந்து. சக்கை தாண்டிச் செல்லும் எல்லை இதுவே. சந்து அகன்றால் சக்கை சாற்றில் விழும். மிகக் குறுகினால் அதிர்வில் ஒன்றோடொன்று உரசும். விளிம்பு நெளிந்த பழைய கூடையிலிருந்து நார் கலந்த சாறு வருவதற்குக் காரணம் இதுவாகும்.

இனி, நம் சங்கத்துக்கு வருவோம். ஒரு முற்பகலில் செயலாளர், அம்மையார், நிர்வாகக் குழுவினர் இருவர் முன்னிலையில் 10 கிலோ காரட்டை நிறுத்துப் பிழியச் செய்தோம். சாறு 4 கிலோ 600 கிராம்; சக்கை 5 கிலோ 200 கிராம்; எஞ்சிய 200 கிராம் இயந்திரத்தில் ஒட்டியது. ஏட்டில் இருந்த விகிதமே எங்கள் கண்முன் தராசிலும் வந்தது. ஏடு பொய் சொல்லவில்லை.

அங்கு வந்திருந்த முதிய நெசவாளி ஒருவர், குன்றத்தூரைச் சேர்ந்தவர், சக்கையைக் கையில் அள்ளிப் பார்த்தார். "சிட்டம் இவ்வளவு ஈரமாக வந்தால் நாங்கள் உலர்த்தவே போடமாட்டோம், ஐயா" என்றார். பிறகு சக்கையைத் தூய துணியில் கட்டி, சாயநூலைப் பிழிவதுபோல் கோல் கொண்டு முறுக்கினார். மேலும் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகவே சாறு வடிந்தது. காணாமற் போன சாறு அதுவரை சக்கைத் தொட்டியில்தான் இருந்திருக்கிறது.

கூடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். துளைகளில் பெரும்பாலானவை காய்ந்த நாரால் அடைபட்டிருந்தன. அம்மையார் அதனை நாள்தோறும் கழுவியே வந்தார். ஆனால் நீர் மட்டும் ஊற்றினால் அந்நார் போகாது. அதற்கென்று உள்ள தூரிகை அலமாரியில் உறை பிரிக்காமலே கிடந்தது. அதன் பயனை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. கூடையை ஊறவைத்து வெளிப்புறமிருந்து தேய்த்தபின், மோட்டாரின் ஒலி தாழாத அளவுக்குப் பழத்தை மெதுவாக இட்டு மீண்டும் 10 கிலோ பிழிந்தோம். சாறு 5 கிலோ 400 கிராம் கிடைத்தது. துண்டறிக்கையின் அறுபது அப்போதும் வரவில்லை. அம்மையார் தராசைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

இயந்திரம் வாங்கும் சங்கங்களுக்கு நாம் கூற விரும்புவன சில. விலையையும் வாட்டையும் மட்டும் கேட்டு வாங்கற்க. நீங்கள் விற்கப்போகும் பழத்தையே எடுத்துச் சென்று, கடையிலேயே பிழிந்து, சாற்றையும் சக்கையையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். சக்கையைக் கையால் பிழிந்து பாருங்கள். சாறு ஒழுகினால் அவ்வியந்திரம் உங்களுக்கு வேண்டா. மூடி பூட்டினாலன்றிச் சுழலாத அமைப்பு உள்ளதா என்று பாருங்கள். அவ்வேகத்தில் சுழலும் கூடைக்கு அருகே விரல் செல்லலாகாது. மாற்றுக்கூடை கிடைக்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். விரிசல் கண்ட கூடையை ஒரு நாளும் ஓட்டவேண்டா.

கடையில் கொள்முதல், சாறு ஆகிய இரண்டு பத்திகளோடு சக்கைக்கும் ஏட்டில் ஒரு பத்தி இருத்தல் நலம். அப்பத்தியில் எடை ஏறினால் அன்றே கூடையைப் பார்க்கலாம். காரட்டுச் சக்கை அல்வாவுக்கும் பொரியலுக்கும் ஆகும். கெடுமுன் மாட்டுத்தீவனத்தில் சிறிது சேர்க்கலாம். எஞ்சியது எருக்குழிக்குப் போகலாம். பச்சைச் சாறோ நெடுநேரம் நிற்காது. பிழிந்தவுடன் விற்பதே முறை.

பேரவைக் கூட்டத்தில் சோதனையின் விவரம் முழுவதும் படிக்கப்பட்டது. அம்மையார்மீது குறையில்லை என்பது நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவாயிற்று. காதோடு காதாகப் பேசியவர்களுள் ஒருவர் எழுந்து, தாம் பேசியது தவறென்று எல்லோர் முன்னும் கூறினார். நாமும் நம் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதியதை அழித்தோம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பணம் குறைந்தால் ஈடுசெய்யலாம். உறுப்பினரிடையே நம்பிக்கை குறைந்தால் ஈடுசெய்தல் அரிது. ஆதலின், ஆளைச் சந்தேகிக்குமுன் சக்கையை நிறுத்துப் பார்ப்போமாக.