2 கிலோ லென்ஸா, 700 கிராம் லென்ஸா? இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!



நம்ம சேனல்ல "ஆசைக்குச் செலவு பண்றது தப்பா?" வீடியோ போட்டதிலிருந்து ஒரே மாதிரி கேள்வி நிறைய வருது. "சார், அப்ரைசல் வந்திருக்கு. ஃபோட்டோகிராஃபிதான் ஹாபி. பெரிய டெலி ஜூம் லென்ஸ் இஎம்ஐ-ல வாங்கலாமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கு. ஏன்னா, இதே தப்பை நானே பண்ணியிருக்கேன்.

2019-ல ஆடிட் வேலையை விட்டுட்டு ஒரு கம்பெனியில சேர்ந்தேன். சம்பளம் ஏறின சந்தோஷத்துல, பறவைகளைப் படம் எடுக்கறதுக்காக 2 கிலோவுக்கு மேல எடையுள்ள ஒரு ஜூம் லென்ஸை 18 மாத இஎம்ஐ-ல வாங்கினேன். அந்த இஎம்ஐ கட்டறதுக்காக, ஓடிக்கிட்டிருந்த எஸ்ஐபி-யை நிறுத்தினேன். ஆமாம், ஊருக்கே எஸ்ஐபி-யை நிறுத்தாதீங்கன்னு சொல்ற நான்தான்.

அந்த வருஷம் அப்பா ரிட்டயர் ஆனார். அவருக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை, இருவாச்சிப் பறவையை நேர்ல பார்க்கணும்னு. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போனோம். மறுநாள் காலையில் அப்பா, அம்மா, நான் மூணு பேரும் நடக்கக் கிளம்பினோம். "டீக்கடை வரைக்கும்தானே, இதுக்கு அந்தப் பையைத் தூக்கணுமா?"ன்னு நினைச்சு, லென்ஸை ரூம்லயே வச்சுட்டேன்.

டீக்கடைக்கு எதிர் மரத்துல இருவாச்சி வந்து உட்கார்ந்தது. அப்பா என் கையைப் பிடிச்சு அழுத்தினார். என்கிட்ட இருந்தது மொபைல் மட்டும்தான். அந்தப் படத்தை அப்பா இன்னைக்கும் சொந்தக்காரங்களுக்குக் காட்டுவார். "இதோ இந்தக் கரும்புள்ளி இருக்குல்ல, அதுதான் இருவாச்சி"ன்னு விரலால் தொட்டுக் காட்டுவார். அன்னைக்கு எனக்கு இன்னும் 14 இஎம்ஐ பாக்கி.

ரெண்டு வருஷத்துல அந்த லென்ஸ் வீட்டை விட்டு வெளியே வந்தது மொத்தம் 11 தடவை. பாதி விலைக்குக் கொஞ்சம் மேல வித்தேன். லென்ஸ் மேல ஒரு குறையும் கிடையாது. கணக்குப் போடாத என் மேலதான் குறை.

எடை எங்கிருந்து வருது?

சிம்பிளா சொல்றேன். லென்ஸ் பெயர்ல வர்ற எஃப்/2.8, எஃப்/4 எல்லாம் வெளிச்சம் உள்ளே போற வழி எவ்வளவு பெரிசுன்னு சொல்ற எண்கள். 200 மி.மீ.-ஐ 2.8-ஆல் வகுத்தா சுமார் 71 மி.மீ. அதையே 4-ஆல் வகுத்தா 50 மி.மீ. வழி பெரிசா இருக்கணும்னா கண்ணாடி பெரிசா இருக்கணும். கண்ணாடி பெரிசானா எடையும் ஏறும், விலையும் ஏறும்.

கேனான் ஆர்எஃப் 70-200 எஃப்/2.8 லென்ஸ் 1,070 கிராம். அதே கம்பெனியோட எஃப்/4 லென்ஸ் 695 கிராம். பறவைகளுக்கான லென்ஸ்ல வித்தியாசம் இன்னும் பெரிசு. சோனி 200-600 லென்ஸ் 2,115 கிராம், கேனான் ஆர்எஃப் 100-400 லென்ஸ் வெறும் 635 கிராம். 400-ஐ விட 600 தூரத்தை நல்லா இழுக்கும், உள்ளே வர்ற வெளிச்சமும் அதிகம். அதை மறுக்கவே முடியாது. ஆனா அதோட கேமரா பாடி, பேட்டரி, பை எல்லாம் சேர்த்தா 3 கிலோ தாண்டிடும்.

எஃப்/2.8-க்கும் எஃப்/4-க்கும் நடுவுல ஒரு ஸ்டாப் வித்தியாசம். அதாவது பாதி வெளிச்சம். ஐஎஸ்ஓ 3200-ல எடுக்கிற படத்தை 6400-ல எடுக்கணும், அவ்வளவுதான். இப்போ வர்ற கேமராக்கள் அதை நல்லாவே சமாளிக்குது. மிச்சம் இருக்கிற நாய்ஸை சாஃப்ட்வேர் பார்த்துக்கும். பின்னணி மங்கலாகறது மட்டும் கொஞ்சம் குறையும்.

சரி, கணக்குக்கு வருவோம்

ஒரு மெஷின் வாங்கலாமான்னு கிளையண்ட் கேட்டா, நான் முதல்ல கேக்கறது "விலை என்ன?" இல்ல. "வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?" லென்ஸுக்கும் அதே கேள்விதான். புரியறதுக்காக ரவுண்டு நம்பர் எடுத்துக்கலாம். கடை விலையை நீங்க போட்டுப் பாருங்க.

கனமான லென்ஸ்: விலை 2,40,000. அதைத் தாங்குற ட்ரைபாட், ஹெட், பெரிய பை சேர்த்து இன்னொரு 25,000. மொத்தம் 2,65,000. நாலு வருஷம் கழிச்சு எல்லாத்தையும் 1,40,000-க்கு வித்தா, நிகரச் செலவு 1,25,000. வருஷத்துக்கு 8 தடவை எடுத்துட்டுப் போனா 32 தடவை. ஒரு தடவைக்கு சுமார் 3,900 ரூபாய்.

இலகுவான லென்ஸ்: விலை 1,00,000. நாலு வருஷம் கழிச்சு 50,000-க்கு வித்தா நிகரச் செலவு 50,000. ஆபீஸ் பையிலயே கிடக்கிறதால வருஷத்துக்கு 30 தடவை வெளியே வரும். மொத்தம் 120 தடவை. ஒரு தடவைக்கு சுமார் 417 ரூபாய்.

"சார், கனமான லென்ஸ் தேவைப்படுற நாளும் வருமே?" வரும். அன்னைக்கு வாடகைக்கு எடுங்க. ஒரு நாளுக்கு 1,500 ரூபாய்னு வச்சு, வருஷத்துக்கு 4 நாள்னா நாலு வருஷத்துக்கு 24,000. (டெபாசிட்டும், சேதமானா யார் பொறுப்புன்னும் கடையில எழுத்துல வாங்கிக்கோங்க.)

இப்போ முக்கியமான இடம். ரெண்டு லென்ஸுக்கும் ஆரம்பச் செலவுல வித்தியாசம் 1,65,000. அது 7% வட்டியில நாலு வருஷம் இருந்தா, வரிக்கு முன்னாடி சுமார் 2,16,000 ஆகும். கனமான லென்ஸ் வாங்கினவர் கையில நாலாவது வருஷக் கடைசியில 1,40,000. இலகுவான லென்ஸ் வாங்கினவர் கையில 50,000 + 2,16,000, அதுல வாடகை 24,000 போக 2,42,000. ஒரு லட்சத்துக்கு மேல வித்தியாசம். சம்பளக்காரங்களுக்கு அது எமர்ஜென்சி ஃபண்ட்ல நல்ல ஒரு பங்கு.

"நோ காஸ்ட் இஎம்ஐ" உண்மையிலேயே நோ காஸ்ட்டா?

இல்ல. பேங்க் வட்டி போடும். அந்த வட்டி அளவுக்குக் கடையோ கம்பெனியோ தள்ளுபடி கொடுக்கும். ஆனா அந்த வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டி உங்க தலையிலதான். வட்டி 18,000-னா ஜிஎஸ்டி 3,240. பிராசஸிங் ஃபீ வேற, அதுக்கும் ஜிஎஸ்டி. முழுப் பணம் கட்டினா கடைக்காரர் குறைச்சுக் கொடுத்திருக்கக்கூடிய தள்ளுபடியும் போச்சு. "ரொக்கமா கட்டினா எவ்வளவு?"ன்னு ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் கார்டை நீட்டுங்க.

இன்னொண்ணு, வரி. சம்பளம் மட்டும் வாங்கறவங்க லென்ஸ் செலவைச் சம்பளத்துல கழிக்க முடியாது. வார இறுதியில் கல்யாணம் எடுத்து சம்பாதிக்கிறீங்க, கணக்கு எழுதி அதைத் தொழில் வருமானமா காட்டுறீங்கன்னா, 15% தேய்மானம் கிடைக்கும். வாங்கின வருஷம் 180 நாளுக்குக் குறைவா உபயோகிச்சா அதுல பாதிதான். வரி மிச்சம் ஆகும்னு நினைச்சு லென்ஸ் வாங்காதீங்க.

அப்போ கனமான லென்ஸ் யாருக்கு?

இந்த மூணு கேள்வியில ஒண்ணுக்காவது "ஆமாம்"னா தாராளமா யோசிங்க.

1. லென்ஸ் மூலமா மாசா மாசம் காசு வருதா? விடிகாலை முகூர்த்தம், மங்கலான மண்டபம், ஃபிளாஷ் போட முடியாத இடம்னா எஃப்/2.8 சோறு போடும்.

2. இன்டோர் பேட்மிண்டன், ராத்திரி கபடி மாதிரி வெளிச்சம் குறைஞ்ச இடத்துல ஓடுற ஆட்களை அடிக்கடி எடுக்கிறீங்களா?

3. வருஷத்துக்கு 25 நாளாவது படம் எடுக்கறதுக்குன்னே கிளம்புறீங்களா? ஃபேமிலி டூர் கணக்குல சேராது.

ஒரு நியாயமும் சொல்லணும். புது மாடல்கள்ல எடை இறங்கிட்டே வருது. சோனி 70-200 எஃப்/2.8 ஜிஎம் 2016-ல வந்தப்போ 1,480 கிராம். 2021-ல வந்த ரெண்டாவது மாடல் 1,045 கிராம். அதனால பழைய கனமான மாடல் செகண்ட் ஹேண்ட்ல "சீப்பா கிடைக்குது"ன்னு பாயறதுக்கு முன்னாடி, அது ஏன் சீப்பா கிடைக்குதுன்னும் யோசிங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட்

பைசா செலவில்லை. அடுத்த ஞாயிறு உங்க கேமரா பையில ரெண்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வச்சு, வேடந்தாங்கலோ பக்கத்து ஏரியோ மூணு மணி நேரம் சுத்துங்க. குடிக்கக்கூடாது! அடுத்தடுத்து நாலு ஞாயிறு இதைப் பண்ண முடிஞ்சா, கனமான லென்ஸ் உங்களுக்குச் சரி. ரெண்டாவது ஞாயிறே ஒரு பாட்டிலை எடுத்து வெளியே வச்சுட்டீங்கன்னா, பதில் கிடைச்சாச்சு.

இப்போ என்கிட்ட இருக்கிறது 700 கிராமுக்குக் குறைவான லென்ஸ். இஎம்ஐ இல்லாம, எட்டு மாசம் தனியா ஒரு ஆர்டி போட்டு வாங்கினது. போன சீசன்ல அப்பாவோட வேடந்தாங்கல் போனப்போ சங்குவளை நாரை நல்லா கிடைச்சது. பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டியிருக்கோம். பக்கத்துலயே அந்தக் கரும்புள்ளிப் படமும் இருக்கு. அதை எடுக்க அப்பா விடல.

இருவாச்சி மட்டும் இன்னும் பாக்கி. டிசம்பர்ல வால்பாறைக்கு ரூம் போட்டாச்சு. இந்தத் தடவை டீக்கடைக்கும் லென்ஸ் வரும்.

உங்க அலமாரியில தூங்குற காஸ்ட்லி பொருள் எது, அது ஒரு தடவைக்கு எவ்வளவு விழுதுன்னு கணக்குப் போட்டு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல பேசுவோம்.