பழைய போலராய்டுக்கு மறுவாழ்வு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, காலப்போக்கில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. லயத்து வீடுகளில் கழிந்த நாள்களுக்குச் சான்றாக எஞ்சியிருப்பவை சில புகைப்படங்களே. உங்கள் வீட்டுப் பழைய படங்களுள், அடிப்பக்கத்தில் மட்டும் அகன்ற வெள்ளை விளிம்பு கொண்ட சதுரப் படம் ஏதேனும் உண்டா? இருந்தால் அது பெரும்பாலும் போலராய்டு எனப்படும் உடனடிப் படக்கருவியில் எடுக்கப்பட்டதாக இருக்கும். அத்தகைய கருவிகள் பல, பழுதாகிவிட்டன என்று கருதப்பட்டு அலமாரியில் ஒதுக்கப்பட்டுள்ளன. உண்மையில் அவற்றுள் பலவற்றை மீண்டும் இயக்க முடியும்.

இக்கருவியின் கதை ஒரு சிறுமியின் கேள்வியில் தொடங்கியது. 1943ஆம் ஆண்டு எட்வின் லேண்ட் என்ற அமெரிக்க அறிவியலாளர் தம் மூன்று வயது மகளைப் படம் எடுத்தார். “அந்தப் படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியாது?” என்று அவள் கேட்டாள். அக்கேள்விக்கான விடையாக உருவான முதல் உடனடிப் படக்கருவி 1948ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. 1972இல் வெளிவந்த எஸ்.எக்ஸ்-70 என்ற மடக்குக் கருவி இன்றும் பலரால் விரும்பப்படுகிறது. மின்னிலக்கப் படக்கருவிகள் பெருகியதால், போலராய்டு நிறுவனம் 2008ஆம் ஆண்டில் படத்தாள் தயாரிப்பை நிறுத்தியது. ஆயினும், நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரிலிருந்த தொழிற்சாலையின் இயந்திரங்களைச் சில ஆர்வலர்கள் வாங்கிக் காப்பாற்றினர். 2010இல் புதிய படத்தாள் வெளிவந்தது. அம்முயற்சி இல்லாவிட்டால் பழைய கருவிகள் அனைத்தும் வெறும் காட்சிப் பொருள்களாகியிருக்கும்.

கருவியைத் திறப்பதற்கு முன் அதன் வகையை அறிய வேண்டும். கோடாக் நிறுவனம் 1976 முதல் 1986 வரை விற்ற உடனடிப் படக்கருவிகளுக்கு இப்போது படத்தாள் தயாரிக்கப்படுவதில்லை. அவற்றைப் பழுதுபார்த்தாலும் பயன் குறைவு. எஸ்.எக்ஸ்-70, 600 ஆகிய போலராய்டு வகைகளுக்குப் படத்தாள் கிடைக்கிறது.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இவ்வகைக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் தட்டையான மின்கலம் கருவிக்குள் இல்லை. படத்தாள் பெட்டியின் அடியில்தான் இருக்கிறது. எனவே, பெட்டி இல்லாத கருவியின் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அது அசையாது. பல ஆண்டுகளுக்கு முன் போட்ட பெட்டி உள்ளேயே இருந்தாலும் அதே நிலைதான், மின்கலம் தீர்ந்திருக்கும். ‘கெட்டுப்போன’ கருவிகள் பலவற்றின் குறை இதுதான். அண்மையில் படம் தீர்ந்த வெற்றுப் பெட்டியில் சிறிது மின்சாரம் மிஞ்சியிருக்கும். அதைச் செருகிப் பார்த்தால் மோட்டார் சுழல்கிறதா என்பது தெரிந்துவிடும். இன்று விற்கப்படும் ஐ-டைப் பெட்டியில் மின்கலம் கிடையாது. பழைய கருவியில் அது வேலை செய்யாது.

மோட்டார் இயங்கினால் அடுத்து உருளைகளைக் கவனிக்க வேண்டும். படத்தாளின் அகன்ற விளிம்புக்குள் இரசாயனக் குழம்பு அடைக்கப்பட்ட சிறு பைகள் உள்ளன. படம் வெளியேறும்போது இரண்டு உலோக உருளைகள் அப்பைகளை நசுக்கி, குழம்பைத் தாள் முழுவதும் சீராகப் பரப்புகின்றன. உருளையில் பழைய குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தால், படத்தில் ஒரே இடைவெளியில் புள்ளிகள் விழும். ஈரமான மென்துணியால் உருளையை மெல்லச் சுழற்றித் துடைத்தாலே போதும். அக்குழம்பு காரத்தன்மை உடையது. தோலில் பட்டால் உடனே கழுவிவிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 600 வகைக் கருவிகள் பலவற்றில் மின்னொளி விளக்கு உள்ளிணைக்கப்பட்டிருக்கும். அதற்குரிய மின்தேக்கி, மின்கலத்தை எடுத்த பின்னரும் உயர் மின்னழுத்தத்தைச் சேமித்து வைத்திருக்கும். மேலுறையைக் கழற்றித் தொட்டால் கடுமையான அதிர்ச்சி ஏற்படலாம். அவ்வேலையை மாணவர்கள் தாமே செய்யக்கூடாது. அனுபவமுள்ளவரிடம் விட்டுவிட வேண்டும்.

பழுதுநீக்கம் ஒருபுறமிருக்க, கருவியைக் காலத்திற்கேற்ப மேம்படுத்தவும் வழியுண்டு. 600 வகைப் படத்தாள், எஸ்.எக்ஸ்-70 படத்தாளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியுணர்வு மிக்கது. மலைப்பகுதியின் மங்கிய வெளிச்சத்தில் இது பெரிய உதவி. ஆனால், அதை எஸ்.எக்ஸ்-70 கருவியில் அப்படியே இட்டால் படம் வெளுத்துவிடும். எளிய தீர்வு, ஒளியைக் குறைக்கும் கருமை வடிகட்டி ஒன்றை லென்சின்மேல் மட்டும் பொருத்துவது. ஆயினும், இதனால் கூடுதல் ஒளியுணர்வின் பயன் கைநழுவிப் போகிறது. அதனால், தேர்ந்த பழுதுநீக்குநர்கள் ஒளியளவைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றிலுள்ள சிறு மின்தேக்கியையே மாற்றிவிடுகின்றனர். இதுவே சிறந்த வழி என்பேன். மற்றொரு மேம்பாடு, படம் வெளிவரும் வாயில் பொருத்தப்படும் கருந்திரை. புதிய படத்தாள் வெளிவந்த முதல் சில நொடிகளில் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். தவளையின் நாக்கைப் போல் நீளும் இத்திரை, படத்தை மூடிக் காக்கிறது.

இனி, கேமரன் மலையின் தட்பவெப்பத்தைப் பார்ப்போம். படத்தாளிலுள்ள இரசாயனம் 13 முதல் 28 பாகை செல்சியஸ் வரையில் நன்றாக வேலை செய்கிறது. வெப்பம் மிகுந்தால் படத்தில் மஞ்சள், சிவப்புச் சாயல் படரும். குளிர் மிகுந்தால் நீலச் சாயல் தோன்றும். கோலாலம்பூரின் நண்பகல் வெயில் இதற்கு ஒத்துவராது. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் நிலவும் குளிர்ச்சியோ இதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது! ஆனால், அங்குள்ள ஈரப்பதம் கருவிக்குப் பகை. லென்சில் பூஞ்சை படரும். மேலே போர்த்திய தோலும் பூத்துப்போகும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் மூடிய பெட்டியில் கருவியை வைப்பது நல்லது.

சுங்கை பாலாஸ் போன்ற தோட்டங்களில் மூடுபனிக்கு நடுவே படம் எடுக்கும்போது மற்றொரு சிக்கல் எழும். வெண்பனியைப் பார்த்து வெளிச்சம் மிகுதி என்று கருவி தவறாகக் கணித்துவிடும்; கொழுந்து பறிப்பவரின் முகம் கருத்துப்போகும். அப்போது ஒளித் திருகை வெள்ளைப் பக்கம் சற்றுத் திருப்ப வேண்டும். பெட்டிக்கு எட்டுப் படங்களே, விலையும் அதிகம். மேலும், இப்படங்களுக்கு மறுபடி எடுக்க உதவும் நெகட்டிவ் கிடையாது. கையிலிருப்பதே ஒரே படி. ஆகவே, புதிதாக எடுத்ததாயினும் தாத்தா காலத்துப் படமாயினும், நிறம் மங்கும் முன்பே வருடியின் துணையுடன் மின்னிலக்கப் படியொன்றை எடுத்துக்கொள்வது அவசியம். படத்தின் பின்புறம் இடம், ஆண்டு, அதிலுள்ளோர் பெயர் ஆகியவை எழுதப்பட்டிருந்தால் அப்பக்கத்தையும் சேர்த்துப் படியெடுக்க வேண்டும்.