கைப்பேசி விளம்பரத்தில் வராது நர்சிங் பட்டம்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகப் பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் போகும் காலைப் பேருந்துகளில், தொழிற்சாலைச் சீருடைகளுக்கு நடுவே நர்சுகளும் நின்றுகொண்டு போவார்கள். சூளகிரி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, பாகலூர் பக்கத்துக் கிராமப் பிள்ளைகள். அவர்களில் நம் சேரிகளிலிருந்து போகிற பலர் ஜி.என்.எம். டிப்ளமோ முடித்தவர்கள். நைட் டியூட்டி முடிந்து கைப்பேசியைத் திறந்தால், "வேலை பார்த்தபடியே ஆன்லைனில் பி.எஸ்சி. நர்சிங்" என்று ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது. அந்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் நம் பிள்ளைகள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், இவர்கள் ஏன் நேரடியாக பி.எஸ்சி. படிக்கவில்லை? நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கில் சேர பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி மூன்றாண்டு ஜி.என்.எம். படிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கலைப் பிரிவு, தொழிற்கல்விப் பிரிவு படித்தவர்களும் சேரலாம். பதினைந்து வயதில் பக்கத்துப் பள்ளியில் எந்தப் பிரிவு இருந்தது, அறிவியல் ஆசிரியர் இருந்தாரா என்பதே ஒரு பெண்ணின் படிப்பைத் தீர்மானித்துவிடுகிறது. அவளுடைய அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிரசவத்தின் இரத்தமும் அழுக்கும் தீட்டு என்று ஒதுங்கிய ஊரில், பல இடங்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் நம் பாட்டிமார்கள். அதே பராமரிப்பு வேலை படிப்பாகி, 1946-ல் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பாகவும் வந்தது. வேலையில் முன்னால் நின்றவர்களின் பேத்திகள் பட்டத்தில் பின்னால் நிற்கலாமா?

பட்டம் இல்லாவிட்டால் என்ன நட்டம் என்று சிலர் கேட்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வையே எடுத்துக்கொள்வோம். பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தவர் அனுபவம் இல்லாமலே எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவர், குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். எம்.எஸ்சி. நர்சிங் படிக்கவும், நர்சிங் கல்லூரியில் ஆசிரியராகவும் பட்டம் கட்டாயம்.

இனி ஆன்லைன் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் வேலையில் இருந்தபடியே பட்டத்தை ஆன்லைனில் முடிப்பது சாதாரணம். நியூயார்க் மாநிலம் 2017-ல், புதிதாகப் பதிவு செய்யும் நர்சுகள் பத்தாண்டுக்குள் பட்டம் பெற வேண்டும் என்று சட்டமே போட்டது. இணையத்தில் தேடினால் அந்த நாட்டுப் படிப்புகள்தான் முதலில் வரும். நம் நாட்டு விதி வேறு. நர்சிங், மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்தக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் பொது விதி.

இதற்கு நடுவே நமக்குத் திறந்திருக்கும் தொலைநிலைக் கதவு ஒன்றுதான்: நர்சிங் கவுன்சில் ஒப்புதலோடு இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். 1994-ல் தொடங்கிய படிப்பு இது. குறைந்தது மூன்று ஆண்டுகள். நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூவும் ஜி.என்.எம்.மும் முடித்து, நர்சாகவும் மிட்வைஃபாகவும் பதிவு செய்து, இரண்டு ஆண்டு அனுபவத்தோடு பணியில் இருப்பவர் விண்ணப்பிக்கலாம். பாடம் வீட்டில் படிக்கலாம். செய்முறைக்கு ஒதுக்கப்பட்ட மையத்துக்கு நேரில் போயே ஆக வேண்டும். வேலையை விட முடிந்தவர்களுக்கு, கல்லூரியில் நேரடியாகப் படிக்கும் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் இருக்கிறது.

வழி இருந்தும் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது ஒரு தாளில்: அனுபவச் சான்றிதழ். பணி நியமன ஆணை தராமல், சம்பள ரசீது தராமல் வேலை வாங்கும் இடங்கள் எல்லையின் இரண்டு பக்கமும் உண்டு. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் நிர்வாகங்களும் உண்டு. ஐந்து வருடம் ஊசி போட்டாலும் தாளில் ஒரு நாள்கூட இல்லையென்றால், அந்த அனுபவத்தை யாரிடம் காட்டுவது? எனவே வேலைக்குச் சேரும் நாளிலேயே நியமன ஆணையைக் கேளுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். கர்நாடகத்தில் வேலை என்றால் அந்த மாநில நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அங்கீகாரமில்லாத பட்டம் எப்படி முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அனுமதி பெறாமல் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்த வழக்கில், 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவை செல்லாது என்றது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மறுதேர்வு எழுதித் தேற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. பணமும் வருடங்களும் போட்டவர்கள் மாணவர்கள்தான். நர்சிங் பட்டத்துக்கு யாராவது பணம் கேட்டால் கல்லூரியின் பெயரை நர்சிங் கவுன்சில் பட்டியலிலும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அல்லது கர்நாடகத்தின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகப் பட்டியலிலும் தேடுங்கள். "வகுப்புக்கே வர வேண்டாம்" என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டணம் தடை என்றால், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் உள்ள ஆதிதிராவிட மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. கர்நாடகத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் கொடுக்க வேண்டும். வேலையில் இருப்பவருக்கு விதி வேறுபடும். கிருஷ்ணகிரி ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்தாகவே கேட்டுப் பதில் வாங்குங்கள்.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பணியில் இருக்கும் நர்சுகளின் செய்முறைப் பயிற்சிக்கு அங்கே ஒரு மையம், நுழைவுத் தேர்வுக்கு ஆங்கிலப் பயிற்சி, தனியார் மருத்துவமனைகளில் படிப்பு விடுப்பு: இந்த மூன்றையும் கேட்டு மனு கொடுப்போம். மனுவில் கையெழுத்துப் போட, அந்தக் காலைப் பேருந்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.