மிளகாய்க்கு வந்த வீண் பழி! இரைப்பையின் காவல்காரர்கள்

"வயிற்றில் புண்ணா? முதலில் மிளகாயை நிறுத்து!"

சேலையூரில் எந்த வீட்டில் கேட்டாலும் இந்த வைத்தியத்தைத்தான் சொல்வார்கள். ஆனால், மிளகாய் மேல் சுமத்திய பழி முழுவதும் நியாயம் அல்ல.

இரைப்பையில் சுரக்கும் அமிலம் கடுமையானது. கறித்துண்டைக் கூட அது பதமாக்கிவிடும். அப்படியானால் இரைப்பையே வெந்து போகாதா?

போகாது. உள்சுவரின் மேல் வழுவழுப்பான ஒரு பூச்சு இருக்கிறது. அது வேலி. வேலிக்குப் பின்னால் காவல்காரர்களும் உண்டு. உணர்ச்சி நரம்புகளின் நுனிகள்தான் அவை.

அமிலம் வேலி தாண்டிக் கசிந்ததும் நரம்பு நுனிகள் விழித்துக்கொள்கின்றன. மூளையின் உத்தரவுக்குக் கூடக் காத்திருப்பதில்லை! அங்கேயே ஒரு ரசாயனப் பொருளை வெளிவிடுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. பெருகி வரும் ரத்தம், அமிலத்தை முறிக்கும் பொருளைக் கொண்டுவருகிறது. உள்ளே புகுந்த அமிலத்தையும் அடித்துக்கொண்டு போகிறது.

மிளகாயும் இதே காவல்காரர்களைத்தான் எழுப்புகிறது. அமிலம், சூடு, மிளகாய் மூன்றுக்கும் நரம்பு நுனியில் கதவு ஒன்றே. 1997-ல் இதைக் கண்டுபிடித்தது அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழு. 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மிளகாயைக் கடித்துவிட்டு "எரிகிறதே" என்கிறோமே, காரணம் இந்தக் கதவுதான்.

காவல்காரர்கள் இல்லாவிட்டால்? ஹங்கேரி நாட்டில் எலிகளுக்கு மிளகாய்ச் சத்தை அளவுக்கு மீறிக் கொடுத்து, அந்த நரம்புகளை மரத்துப்போகச் செய்தார்கள். புண் அதிகமாயிற்று. சிறிதளவு சத்தை வயிற்றில் செலுத்தியபோதோ, புண் குறைந்தது. இது 1981-ல் வெளிவந்த செய்தி.

சிங்கப்பூர் டாக்டர்கள் மனிதர்களிடமே பார்த்துவிட்டார்கள். 18 பேருக்கு ஒரு முறை வெறும் தண்ணீர். இன்னொரு முறை 20 கிராம் மிளகாய்ப் பொடி. இரண்டு முறையும் அரை மணி கழித்து ஆஸ்பிரின் மாத்திரை. பிறகு குழாய் விட்டு உள்ளே பார்த்தார்கள். மிளகாய் சாப்பிட்ட நாளில் இரைப்பையில் காயம் குறைவு! 1995-ல் முடிவு வெளியாயிற்று. (20 கிராம் என்பது சோதனைக்கு. வீட்டில் யாரும் முயல வேண்டாம்!)

அப்படியானால் புண் எதனால் வருகிறது? பெரும்பாலும் ஒரு கிருமியால். வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவதாலும் வருகிறது. கிருமிக்கு மருந்து உண்டு. மிளகாயை மட்டும் விட்டால் அது சாகாது.

ஏற்கனவே புண் உள்ளவருக்கு மிளகாய் எரிச்சல் தரலாம். அவர் குறைத்துக்கொள்வது சரியே. ஆனால் மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.