எஞ்சின் தட்டினால் என்ன பொருள்?

கார் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்றுவரை கேட்காத ‘டக், டக்’ என்ற ஓசை இன்று கேட்கிறது. சில ஓசைகள் அற்பமானவை. சிலவற்றைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், சில நிமிடங்களில் எஞ்சினே பாழாகிவிடும். எது எந்த வகை என்று எவ்வாறு அறிவது? மாணவர்களே, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியல் இங்கே கைகொடுக்கும்.

முதல் கேள்வி: ஓசை எஞ்சினிலிருந்துதான் வருகிறதா? காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, பெரியவர் ஒருவரை ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். ஓசையும் அதற்கேற்ப விரைந்தால் எஞ்சினையோ, அதனுடன் சேர்ந்து சுழலும் பாகங்களையோ சந்தேகிக்கலாம். கார் நகரும்போது மட்டும் கேட்டால், சக்கரம், பிரேக் போன்றவற்றைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தாளம். கார்களில் உள்ள பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் நான்கு வீச்சு எஞ்சின்களே. இவற்றில் பிஸ்டன்கள் கிராங்க் தண்டைச் சுழற்றுகின்றன. வால்வுகளைத் திறப்பது கேம் தண்டு. கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றினால் கேம் தண்டு ஒரே முறைதான் சுற்றும். எஞ்சின் நிமிடத்திற்கு 900 சுற்று ஓடுகிறது என்று கொள்வோம். கிராங்க் தண்டு விநாடிக்கு 15 முறை சுற்றும். ஒரு வால்வு விநாடிக்கு ஏழரை முறை திறக்கும். எனவே, ஏழரைத் தட்டல் கேட்டால் வால்வுப் பக்கமும், பதினைந்து கேட்டால் கிராங்க் பக்கமும் முதலில் நோக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் எரிவதும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். ஆகவே இது ஒரு தடயமே தவிர, தீர்ப்பு அன்று.

இவ்வளவு விரைவான தட்டல்களைக் காதால் எண்ண முடியுமா? முடியாது. ஆனால் கைப்பேசியில் பதிவு செய்து, கால் பங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்டால், ஏழரை என்பது விநாடிக்கு ஏறத்தாழ இரண்டாகக் குறைந்துவிடும். பிறகு எண்ணுவது எளிது.

ஓசை எப்போது கேட்கிறது என்பதும் முக்கியம். காலையில் குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடானதும் மறைகிறதா? வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட அலுமினியப் பிஸ்டன் ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். தேய்மானத்தால் உண்டான இடைவெளி சூட்டில் குறைவதால் தட்டலும் அடங்குகிறது. ‘கிறீச்’ என்ற ஒலியா? பெல்ட் வழுக்கி வழுக்கிப் பிடிக்கிறது. வயலின் வில் தந்தியை ஒலிக்கச் செய்வதும் இதே முறையில்தான். மேடேறும்போது தகர டப்பாவில் கூழாங்கல் குலுங்குவது போன்ற ஒலியா? பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி, தீச்சுவாலை வந்து சேருமுன் தானே வெடித்து எரிகிறது. இன்றைய பல கார்களில் இதைக் ‘கேட்க’ ஓர் உணரி உண்டு. அதிலுள்ள படிகம் அதிர்வை மின்னழுத்தமாக மாற்ற, கணினி தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது.

ஓசை பிறக்கும் இடத்தையும் கண்டுபிடிக்கலாம். 1816-ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் காகிதச் சுருள் ஒன்றின் மூலம் நோயாளியின் இதயத் துடிப்பைக் கேட்டார். மெக்கானிக் நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதருகே வைப்பதும் அதுபோன்றதே. உலோகத்திலிருந்து காற்றுக்குச் செல்ல முயலும் ஒலியில் பெரும்பகுதி எல்லையிலேயே திரும்பிவிடுகிறது. திடப்பொருள் வழியே வந்தால் அந்த இழப்பு இல்லை. இச்சோதனையை மட்டும் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். சுழலும் பெல்ட்டும் விசிறியும் துணியையும் விரலையும் இழுத்துவிடும். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

ஓர் ஓசைக்கு மட்டும் ஆராய்ச்சியே கூடாது. கிராங்க் தண்டுக்கும் அதன் பேரிங்குக்கும் இடையே தலைமயிரினும் மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. ஆயில் அழுத்தம் குறைந்தால் படலம் கிழிந்து உலோகத்தோடு உலோகம் மோதும். கனமான தட்டலும் சிவப்பு ஆயில் விளக்கும் சேர்ந்து வந்தால், காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும். ஆயில் அளவைப் பார்ப்பதும் மெக்கானிக்கை அழைப்பதும் அதற்குப் பிறகுதான்.

கார் நன்றாக இருக்கும்போதே அதன் ஓசையை ஒருமுறை பதிவு செய்து வையுங்கள். இயல்பான ஒலியை அறிந்த காதுக்குத்தான் புதிய ஒலி புலப்படும்.