அத்திவாரம் வெட்டுமுன் அனுமதி

வீடு கட்டக் காணி உறுதியும் கையில் பணமும் இருந்தால் போதும் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். வங்கிக் கடன் கேட்கும்போதோ, மகள்மாருக்கு வீட்டைப் பிரித்து எழுதும்போதோதான் அனுமதியின் பெறுமதி புரிகிறது. இது பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் விடயங்களை இவ்வாரம் சுருக்கமாகத் தருகிறேன்.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படி, பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் அனுமதிப் பத்திரமின்றிக் கட்டட வேலை ஆரம்பிக்க முடியாது. சாதாரண வீடுகளுக்கான விண்ணப்பத்தை உங்கள் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையிலேயே கையளிக்கலாம்.

வரைபடத்துக்குப் பணம் கொடுக்குமுன் சபையில் வீதிக் கோட்டுச் சான்றிதழைப் பெறுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது. வீதி அகலிப்புக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் அறை வரைந்தால் முழு வரைபடத்தையும் மாற்ற நேரிடும். பின்னர் உறுதிப் பிரதி, நில அளவைப் படம், தகைமையுள்ளவர் ஒப்பமிட்ட வரைபடம் என்பவற்றுடன் விண்ணப்பியுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் காணியைப் பார்வையிடுவர். பின்புற வெளி, காற்றோட்டம், மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம் என்பன கவனிக்கப்படும்.

சில காணிகளுக்கு வேறு அனுமதிகளும் தேவை. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும், வயற் காணியாயின் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். கண்டி, பதுளை, கேகாலை போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கோரப்படும்.

அனுமதி குறிப்பிட்ட காலத்துக்கே செல்லுபடியாகும். வேலை முடியாவிட்டால் காலாவதியாகுமுன் நீடித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழைப் பெறுவது அவசியம். அனுமதி பெற்றவர்களிலும் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படியே வீடு கட்டப்பட்டது என்பதற்கு இதுவே அத்தாட்சி.

மேல்மாடி விடயத்தில் கூடுதல் அவதானம் தேவை. கீழ்வீட்டுக்குப் பெற்ற அனுமதி மாடிக்குச் செல்லாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கீழ்வீடு மூத்த மகளுக்கு, மேல்வீடு இளைய மகளுக்கு எனத் தனித்தனி உறுதி எழுதுவதாயின், அது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கூட்டாதனமாகப் பதியப்பட வேண்டும். அனுமதியற்ற மாடியை அவ்வாறு பதிவது இயலாத காரியம். சகோதரிகளிடையே பின்னர் பிணக்கு வருவதற்கு இது ஒன்றே போதும்.

அனுமதியின்றிக் கட்டியதை நீதவான் உத்தரவு பெற்று உடைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், இணக்கச் சான்றிதழ் இரண்டையும் காணி உறுதியுடன் ஒரே கோவையில் பத்திரப்படுத்துங்கள். நாளை உங்கள் பிள்ளைகள் தேடப்போகும் பத்திரங்கள் அவைதான்.