ஆன்டிக், வின்டேஜ், ரெட்ரோ... மூணும் ஒண்ணு இல்ல பாஸ்!

போன வருஷம் அப்பாவோட பிறந்தநாளுக்கு ஒரு இன்ஸ்டாகிராம் பேஜில் வாட்ச் வாங்கினேன். சாவி கொடுக்கிற மாடல். 'வின்டேஜ் வாட்ச், ஒரிஜினல்' என்று போட்டிருந்தார்கள். விலை 3,500 ரூபாய். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பத்தே நாளில் வாட்ச் நின்றுவிட்டது.

எங்கள் ஏரியா பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். பின்பக்க மூடியைத் திறந்து, லென்ஸை வைத்துப் பார்த்தார். "மெஷின் பழசும்மா. டயல் புதுசா பெயின்ட் அடிச்சது. கேஸ் வேற ஏதோ வாட்ச்சோடது."

"அப்போ வின்டேஜ்னு போட்டது பொய்யாண்ணா?"

"மெஷினுக்கு 40 வயசு இருக்கும். அந்த வரைக்கும் உண்மைதான்" என்று சிரித்தார்.

சிக்கலே அங்கேதான். நமக்கு 'பழசு' என்ற ஒரு வார்த்தையே பெரும்பாலும் போதும். தேவைப்பட்டால் 'தாத்தா காலத்துது' என்போம். இங்கிலீஷ்காரர்கள் பழசுக்கு ஏகப்பட்ட வார்த்தைகள் வைத்திருக்கிறார்கள். அதில் சில வார்த்தைகள் பொருளின் வயதைச் சொல்லும். சில, தோற்றத்தை மட்டும் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் காலியாவது நம் பர்ஸ்தான்.

ஆன்டிக்: செஞ்சுரி அடிச்சிருக்கணும்

மூன்றில் கறாரான வார்த்தை இதுதான். 100 வயதைத் தாண்டியிருந்தால்தான் ஒரு பொருள் ஆன்டிக். இந்தக் கணக்கு பிரபலமானதற்கு சுங்க வரியும் ஒரு காரணம். 1930-ல் வந்த அமெரிக்கச் சட்டம், 1830-க்கு முன்பு செய்த கலைப்பொருள்களுக்கு இறக்குமதி வரி இல்லை என்றது. வருஷம் போகப் போக 1830 ரொம்ப தூரமாகிவிட்டதால், 1966-ல் '100 வயதுக்கு மேல்' என்று மாற்றினார்கள். பழம்பொருள் வியாபாரிகளும் அந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டார்கள்.

நம்ம ஊர் நகைக்கடையில் இருக்கும் 'ஆன்டிக் ஜுவல்லரி'? அது பெரும்பாலும் போன மாதம் பட்டறையில் செய்ததாக இருக்கும். பளபளப்பைக் குறைத்து, கொஞ்சம் கருமை ஏற்றி, பழைய கோயில் நகை லுக் கொடுத்திருப்பார்கள். அதன் முழுப்பெயர் 'ஆன்டிக் ஃபினிஷ்'. பேச்சுவழக்கில் ஃபினிஷ் காணாமல் போய்விட்டது. நகை அழகுதான், தப்பே இல்லை. ஆனால் 'ஆன்டிக்' என்ற பெயருக்காக கூடுதல் செய்கூலி கேட்டால், அது வேலைப்பாட்டுக்கான காசு. வயதுக்கான காசு இல்லை.

நிஜ ஆன்டிக் கையில் இருந்தால் இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 1972-ல் இயற்றப்பட்ட இந்தியத் தொல்பொருள் சட்டப்படி, 100 வயதைக் கடந்த சிலை, ஓவியம், நாணயம் போன்றவை 'தொல்பொருள்' கணக்கில் வரும். முக்கியத்துவம் வாய்ந்த ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 வயதே போதும். இவற்றைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பாட்டி வீட்டு வெண்கலச் சிலையை, சிங்கப்பூர் ஃப்ரெண்டுக்கு கிஃப்ட்டாக பெட்டியில் வைக்கும் முன் யோசியுங்கள். பழசு மாதிரி தெரியும் புதுப்பொருள் என்றால், 'இது தொல்பொருள் அல்ல' என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.

வின்டேஜ்: திராட்சைத் தோட்டத்தில் பிறந்த வார்த்தை

வின்டேஜ் என்றால் முதலில் திராட்சை அறுவடை என்றுதான் அர்த்தம். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. ஒயின் பாட்டிலில் போடும் வருஷம், அந்தத் திராட்சையைப் பறித்த வருஷம். அப்படியே அர்த்தம் நகர்ந்து, 'இன்ன காலத்தில் பிறந்தது' என்றாகி, பிறகு 'அந்தக் காலத்து நல்ல சரக்கு' என்றாகிவிட்டது.

கார் உலகம் இதற்கு எல்லை போட்டது. இங்கிலாந்தில் 1934-ல் வின்டேஜ் கார் பிரியர்களுக்கென ஒரு கிளப் தொடங்கினார்கள். அவர்கள் கணக்கில் 1930 வரை தயாரான கார்கள்தான் வின்டேஜ். 1960-களின் கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே அதற்கு வின்டேஜ் பட்டம் கிடையாது, 'கிளாசிக்' என்பார்கள். ஆன்லைன் சந்தையில் அளவுகோல் ரொம்பவே இளகிவிட்டது. எட்ஸி தளத்தில் 20 வயதானாலே வின்டேஜ்தான். நீங்கள் ஸ்கூல் படிக்கும்போது வாங்கிய நோக்கியா போனும் இந்த லிஸ்ட்டில் வரலாம். வயசாயிடுச்சு மக்களே!

ரெட்ரோ: வயசு கம்மி, கெட்டப் பழசு

இதுவும் பிரெஞ்சு வரவுதான். 1970-களில் பழைய ஃபேஷன் மறுபடி டிரெண்டானபோது பரவிய வார்த்தை. சிலர் 70, 80-களின் பொருளையே ரெட்ரோ என்பார்கள். ஆனால் கடைகளில் பெரும்பாலும், பழைய டிசைனில் இப்போது செய்த பொருள் என்றுதான் அர்த்தம். உள்ளே ப்ளூடூத், வெளியே மர ரேடியோ. வாரன்ட்டி கார்டோடு வந்தால், அது ரெட்ரோதான்.

'சின்ஸ்' என்பது யாரோட வயசு?

போர்டுகளில் 'சின்ஸ்' என்று ஒரு வருஷம் போடுவார்களே, அது பெரும்பாலும் பெயரின் வயது. ராயல் என்ஃபீல்டின் 1901 நல்ல உதாரணம். இங்கிலாந்தில் அந்தப் பெயரில் முதல் பைக் வந்த வருஷம் அது. சென்னையில் என்ஃபீல்டு கம்பெனி உருவானது 1955-ல். இங்கிலாந்தில் தயாரிப்பு 1970 வாக்கில் நின்றுபோனது, சென்னையில் தொடர்ந்தது. ஒரே பெயர், நடுவில் ஊரே மாறியிருக்கிறது.

'நியூ' என்ற வார்த்தையையும் நம்பாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் நியூ காலேஜ் தொடங்கியது 1379-ல்!

பிறந்த ஊர் ரகசியம்

வயதைப் போலவே பிறந்த ஊருக்கும் வார்த்தைகள் உண்டு. 'மேட் இன் ஜெர்மனி' முதலில் பாராட்டாக வரவில்லை. மலிவான வெளிநாட்டுச் சரக்கைத் தங்கள் மக்கள் அடையாளம் காணட்டும் என்று, 1887-ல் பிரிட்டன் போட்ட சட்டத்தால் ஜெர்மன் பொருள்களில் ஏறிய முத்திரை அது. ஜெர்மன்காரர்கள் தரத்தைக் கூட்டி, அந்த முத்திரையையே பெருமையாக மாற்றிவிட்டார்கள்.

இந்த முத்திரைகளே வயதையும் காட்டிக்கொடுக்கும். வெளிநாட்டுப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1891-ல் இருந்து கட்டாயமாக்கியது. ஜப்பான் பீங்கான்களில் 'நிப்பான்' என்று அச்சிட்டார்கள். 1921-ல், 'அது ஜப்பானிய வார்த்தை, ஜப்பான் என்றே போடுங்கள்' என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. அதனால் ஒரு பீங்கான் தட்டின் அடியில் நிஜமான நிப்பான் முத்திரை இருந்தால், அது பெரும்பாலும் அந்த 30 வருஷத்துக்குள் செய்தது.

ஒரு வார்த்தை, 45 கோடி டாலர்

ஏல உலகில் 'இவர் வரைந்தது', 'இவர் வரைந்ததாகக் கருதப்படுவது', 'இவர் பட்டறையில் வரைந்தது', 'இவர் பாணியில் வரைந்தது' எல்லாம் தனித்தனி. ஒரு படி இறங்கினால் விலையும் சரியும். 'சால்வட்டோர் முண்டி' என்ற ஓவியம் 1958-ல் லண்டன் ஏலத்தில் 45 பவுண்டுக்குப் போனது. அப்போது அதை லியோனார்டோ டாவின்சி வரைந்ததாக யாரும் சொல்லவில்லை. 2017-ல் 'லியோனார்டோ வரைந்தது' என்ற அடையாளத்தோடு ஏலத்துக்கு வந்தது. போன விலை 45 கோடி டாலர். ஓவியம் அவர் வரைந்ததுதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

வாங்கும் முன்...

* 'ஸ்டைல்', 'லுக்', 'ஃபினிஷ்', 'இன்ஸ்பயர்டு'. இதில் ஒன்று ஒட்டியிருந்தாலும் பொருள் புதுசு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். 'விக்டோரியன் நாற்காலி' 1837-க்கும் 1901-க்கும் இடையில் செய்தது. 'விக்டோரியன் ஸ்டைல் நாற்காலி' நேற்றுகூட செய்திருக்கலாம்.

* வருஷத்துக்கு முன்னால் 'சர்கா' என்று இருந்தால், அது சுமாரான மதிப்பீடு. 'எப்படிக் கணித்தீர்கள்?' என்று கேளுங்கள்.

* 'ஒரிஜினல்' என்றால், எந்தெந்த பாகம் ஒரிஜினல் என்று கேளுங்கள். வாட்ச்சில் டயல், கேஸ், மெஷின் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, மூடியைத் திறந்த போட்டோவும் வாங்குங்கள்.

* பதில் எல்லாம் சாட்டில் எழுத்தாக இருக்கட்டும்.

நான் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அண்ணன் 400 ரூபாய் வாங்கிக்கொண்டு வாட்ச்சை ஓடவைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். "டயல் எப்ப பெயின்ட் அடிச்சா என்ன, நீ வாங்கிக் கொடுத்தது" என்று கையில் கட்டிக்கொண்டார். இப்போதும் தினமும் காலையில் சாவி கொடுக்கிறார்.